ஏரிக்கரை மேல் சைக்கிள் சவாரி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையில் காலை ஆறு மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டாகும். உலகத்திலுள்ள சக்கரங்களெல்லாம் இந்த ஒரே சாலையில்தான் ஓடுகின்றனவோ என்பதே அந்தச் சந்தேகம். புத்தம் புதிய மோட்டார் கார்களை மாடி வீடு போல் அடுக்கிக்கொண்டு ஊர்ந்து செல்லும் நீண்ட லாரிகள். இரவு வேலை முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் பகல் வேலைக்காரர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள். இவ்வளவுக்கும் நடுவில், தார்ச் சாலையின் விளிம்பில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீரைக் கட்டுடன் ஒரு கிழவர் போவார். அவர் ஏறியிருப்பது சைக்கிள்!

1996-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1998-ல் அங்கிருந்து முதல் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2013-ல் அதே ஊரில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வந்தன. இந்தக் கடைசிக் கம்பெனியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் அது தொடங்கிய காலத்தில் செய்து விற்றது மிதிவண்டிதான். மோட்டார் சைக்கிள் செய்தது 1901-ல்தான். ஆகவே, கீரைக்காரக் கிழவரின் வாகனம் என்பீல்டு மோட்டாருக்குப் பாட்டி முறை ஆக வேண்டும். பாட்டிக்குத்தான் இப்போது சாலையில் இடமில்லை!

உலகத்துக்கெல்லாம் சக்கரம் மாட்டிக் கொடுக்கும் இந்தச் சீமையில், பெண்டு பிள்ளைகளோடு நிம்மதியாகச் சைக்கிள் விடுவதற்கு வழி ஏதேனும் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். கூட வந்தவள் எட்டாம் வகுப்பில் வாசிக்கும் என் பெண்.

மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் உண்டு. ஒன்று, என் தகப்பனார் காலத்துக் கறுப்புச் சைக்கிள். மற்றொன்று, என் பெண் பிடிவாதம் பிடித்து வாங்கிய 'மலைச் சைக்கிள்'. பெயரைக் கேட்டு வாசகர்கள் பயப்பட வேண்டாம். அதை வாங்கியவர்கள் மலை ஏறித்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்த வகைச் சைக்கிளின் கதை ரஸமானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மரின் என்ற ஜில்லாவில் டமால்பைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. 1970-களில் அங்கிருந்த சில வாலிபர்கள், பழைய இரும்புக் கடையில் கிடக்க வேண்டிய தடித்த டயர்ச் சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதை வழியே கீழ் நோக்கி விடத் தொடங்கினார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து அதிலிருந்த கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இந்தக் கூத்தையே 1976-ல் ஒரு பந்தயமாக நடத்தினார்கள். மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாக ஒரு சைக்கிள் செய்தார். 1996-ல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்க்கப்பட்டுவிட்டது.

அதன் ரகசியம் மூன்றே விஷயங்களில் அடக்கம். டயர் அகலமானது, ஆகையால் மணலில் புதையாது. டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் உண்டு. ஆகையால் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். கியர்கள் பல உண்டு. ஆகையால் மேட்டில் கால் நோகாது. இவை மலைக்கு எவ்வளவு உபயோகமோ, அவ்வளவு நம்முடைய வண்டிப் பாதைக்கும் உபயோகமே. அதற்காக, பழைய கறுப்புச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து இரண்டு வருஷத்தில், 1949-ல், அம்பத்தூரில் ஆரம்பமான சைக்கிள் தொழிற்சாலையின் வண்டிகள் எத்தனை தலைமுறையாக நம் கிராமாந்தரங்களின் பாதைகளில் நெல் மூட்டை சுமந்திருக்கின்றன! நான் அன்று சென்றதும் அப்படிப்பட்ட ஒன்றில்தான்.

"அப்பா, ஏன் மேடே இல்லை?"

பெரிய சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். பத்து நிமிஷத்தில் லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒரு கிராமம், ஒரு அரச மரம், ஒரு டீக்கடை. அதற்கு அப்பால் ஓர் ஏரிக்கரை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைமேல் ஏறினோம். அப்புறம் தள்ள வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஒரு பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். நத்தைகுத்தி நாரைகள் ஆழமில்லாத இடத்தில் நின்று, வைதிகர்கள் சந்தியாவந்தனம் செய்வதுபோல் அடிக்கொரு தரம் குனிந்து நிமிர்ந்தன. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மற்றொரு பக்கம், கரைக்குக் கீழே, கதிர் முற்றிய நெல் வயல்கள். எங்கள் ஜில்லாவில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே அமைந்திருக்கும். ஆகவே, காலையில் கரைமேல் போகிறவனுக்கு வயல் பக்கமாகச் சூரியோதயம்; தண்ணீர்ப் பக்கமாக அதன் இளவெளிச்சம்!

அரை மணி நேரம் மிதித்த பிறகு என் பெண் திடீரென்று கேட்டாள்:

"அப்பா! இந்தப் பாதையில் ஏன் மேடே இல்லை? நான் கியரை மாற்றவே இல்லையே?"

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆயினும் அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதில்லை. என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், மதகின் அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்காகப் பதில் சொன்னார்.

"தண்ணிக்கு மேடு பள்ளம் உண்டா பாப்பா? அது எப்பவும் மட்டமாத்தான் நிக்கும். ஒரு எடத்துலே கரை தாழ்ந்தா அங்கேதான் ஒடைச்சிக்கும். அதனாலே கரையை மட்டமாத்தான் போட்டாவணும்."

எவ்வளவு எளிய விளக்கம்! தண்ணீர் மட்டமாக நிற்கிறது. அதைத் தாங்கும் கரையும் மட்டமாக இருந்தாக வேண்டும். ஆகையால் கரைமேல் போகும் பாதையில் ஏற்றம் இல்லை. மேல்நாடுகளில் சைக்கிள்காரர்களுக்காகப் பணம் செலவழித்து மட்டப் பாதை போடுகிறார்கள். நமக்கோ, நெல் விளைய வேண்டும் என்று பாட்டன் பூட்டன்மார் சுமந்து கொட்டிய மண்ணே அப்பேர்ப்பட்ட பாதையாகக் கிடக்கிறது!

ஏரிச் சங்கிலி

செங்கற்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி ஜில்லா' என்று பழைய பெயர். காஞ்சிபுரம், செங்கற்பட்டு என்று 2019-ல் அது மறுபடியும் பிரிந்தபோது, பொதுப்பணி இலாகாவின் பெரிய ஏரிகளில் 381 காஞ்சிபுரத்துக்கும் 528 செங்கற்பட்டுக்கும் ஆயின. ஆக மொத்தம் 909. ஊராட்சிகளின் வசமுள்ள சிற்றேரிகளும் குட்டைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த ஏரிகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்கு வந்து சேரும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிகுதி நீர் இவ்விதம் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகுதி நீரே அடையாற்றின் தொடக்கம். கால்வாய் ஓரமாகப் போகும் வண்டிப் பாதை, தண்ணீர் எவ்வளவு நிதானமாக இறங்குகிறதோ அவ்வளவு நிதானமாகவே இறங்கும். ஆகவே, ஏரியிலிருந்து ஏரிக்குப் போகிறவனுக்கு முதுகை ஒடிக்கும் ஏற்றமும் இல்லை. நெஞ்சு பதறும் இறக்கமும் இல்லை.

மூன்று சவாரிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி இதுவரை நாங்கள் மூன்று வழிகளில் போய் வந்தோம். ஒவ்வொன்றும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதுமானது.

முதலாவது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் வழியாக மணிமங்கலம். போவதற்கு மட்டும் 15 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் ஆகும். புறப்படுமுன் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், 1017-ல் இவ்வூரில் அவதரித்தவராகக் கொண்டாடப்படும் ராமானுஜரைத் தரிசித்துக்கொள்ளலாம். ஜாதி பேதம் பாராமல் அருள் வழங்கத் துணிந்த அந்த மகான், நாட்டை அறிந்தது கால்நடையாக நடந்துதான்.

மணிமங்கலம் இன்று ஓர் அமைதியான கிராமம். ஏழாம் நூற்றாண்டில் இங்கேதான் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் சேனை சளுக்கிய மன்னன் புலிகேசியின் சேனையை முறியடித்தது. கூரம் செப்பேட்டில் இவ்வூரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'சிவகாமியின் சபதம்' வாசித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திராது. அந்த யுத்த பூமியில் இப்போது கேட்பது மீன்கொத்தியின் குரல். கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுக்கள் நிறைந்திருக்கின்றன.

இரண்டாவது, வல்லக்கோட்டையும் அதற்குத் தெற்கேயுள்ள கிராமங்களும். அருணகிரிநாதர் 'கோடைநகர்' என்று பாடிய முருகன் தலம் இது. நெடிய திருமேனியுடன் நிற்கும் சுப்பிரமணிய சுவாமியைத் தரிசித்துவிட்டு எழிச்சூர் நோக்கிப் போகலாம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ல் தொல்பொருள் இலாகாவினர் அகழ்ந்து பார்த்தபோது, கற்கால மனிதரின் கல் ஆயுதங்களும், ரோமாபுரி ஜாடிகளின் ஓடுகளும், பொன் ஆபரணங்களும் கிடைத்தன. கார் செய்யும் கூடங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், சக்கரத்தையே அறியாத மனிதன் வாழ்ந்த இடம் இருக்கிறது! சைக்கிளில் போனால் இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆயிரம் வருஷம் என்று எண்ணிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். காரில் போனால் அந்த எண்ணம் தோன்றுவதற்குள் இடம் கடந்துவிடும்.

மூன்றாவது, வாலாஜாபாத்திலிருந்து வடக்கே தென்னேரி. இதுவே மூன்றிலும் அழகானது. 'திரையன் ஏரி' என்பதே தென்னேரி என மருவியது என்றும், பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான இளந்திரையன் பெயரை அது தாங்கி நிற்கிறது என்றும் சொல்வார்கள். தை மாதத்தில் ஏரி நிறைந்திருக்கையில் கரைமேல் நின்றால் இது ஏரியா கடலா என்ற ஐயம் ஏற்படுகிறது. வரிசை வரிசையாகப் பனைமரங்கள். சித்திரையில் போகிறவர்களுக்குத் தண்ணீர் குறைவாயிருக்கும். ஆனால் நுங்கு கிடைக்கும்.

கரையைக் காப்பது யார்?

மதகின் அருகே சந்தித்த பெரியவரிடம் இன்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"என் பையன் கார் கம்பெனியிலேதான் வேலை பார்க்கிறான், சார். நல்ல சம்பளம். பேரப்பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலே படிக்குது. கொறை ஒண்ணும் இல்லே. ஆனா ரெண்டு பேருமே இந்தக் கரைமேலே ஒரு நாள் வந்ததில்லே. நான் போனப்புறம் எந்த மதகை எப்போ தெறக்கணும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் கையை நீட்டிக் காட்டிய திசையில் பார்த்தேன். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஒரு நீண்ட மதில் சுவரின் அடியில் போய் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. கரையின் ஒரு மூலையில் டிப்பர் லாரி இறங்குவதற்காக மண்ணைச் சரித்திருந்தார்கள். அந்த ஊரின் பெயரும் மதிலுக்கு உடையவர் பெயரும் இங்கே வேண்டாம். இம்மாதிரி இடம் அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இதை யார் கவனித்தார்கள்? இதே ஜில்லாவில் உத்திரமேரூர்க் கோயில் சுவர் பதில் சொல்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்களில், குடவோலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆறு பேர் கொண்ட 'ஏரி வாரியம்' என்ற ஒரு குழு உண்டு. இங்கிலீஷ்காரர்கள் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பழைய ஏடுகளைத் தேடி ஆராய்ந்து, கிராம விளைச்சலிலிருந்து ஏரிப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு தனியே ஒதுக்கப்பட்டிருந்ததை நம் காலத்தில் எடுத்துக் காட்டியவர் காந்தியவாதியான தரம்பால். அன்னிய ஆட்சியில் அந்த ஏற்பாடு குலைந்தது. சுதந்திரம் வந்த பிறகு நாமும் அதை உடனே நிமிர்த்திவிடவில்லை. 2017-ல் சர்க்கார் 'குடிமராமத்து' என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள்.

ஏரி கெட்டால் கெடுவது உழவன் மட்டும் அல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் அடையாறு கரை புரண்டு சென்னைப் பட்டணத்துக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆற்றின் தாய்வீடு எங்கள் பக்கத்து ஏரிகள்தான். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் வரப்போவதாக அறிவிப்பு வந்தபோது, ஏகனாபுரம் முதலிய கிராமத்து ஜனங்கள் வயலும் ஏரியும் போய்விடுமே என்று எழுந்து நின்றதன் காரணமும் இதுவே.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால், ஒரு பொருளைக் கண்ணால் காணாதவனுக்கு அது காணாமற் போனதும் தெரியாது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்ப்பவனுக்கு மதில் தெரியும். மதிலுக்குப் பின்னால் அடைபட்ட கால்வாய் தெரியாது. வாரம் ஒரு நாள் கரைமேல் சைக்கிளில் போகிறவனுக்கு எந்த இடத்தில் கரை சரிந்திருக்கிறது, எந்த மதகில் நீர் கசிகிறது, எந்தக் கால்வாயில் குப்பை கொட்டியிருக்கிறது என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும். தெரிந்தவன் கிராம சபையில் எழுந்து கேட்பான். ஓலை எழுதிக் குடத்தில் போடாமலே, ஏரி வாரியத்துக்கு அங்கத்தினர்கள் கிடைத்துவிடுவார்கள்!

சவாரிக்குச் சில விதிகள்

வாசகர்கள் குடும்பத்துடன் புறப்படுவதற்கு முன் சில எச்சரிக்கைகள்:

தை, மாசி மாதங்களே உத்தமமான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த ஏரி அப்போதுதான் பார்க்க அழகு. விடியற்காலையில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

மழை பெய்து ஈரமாயிருக்கும் கரைமேல் ஒருபோதும் சைக்கிள் விடக் கூடாது. சக்கரம் பதிந்த தடத்தில் மழை நீர் ஓடி ஓடைபோல் அரிக்கும். அந்த அரிப்பே நாளடைவில் உடைப்பாகும். கரையைப் பார்க்கப் போனவன் கரையைக் கெடுத்துவிட்டு வரலாகாது. உலர்ந்த நாளிலும் வேகம் வேண்டாம். டமால்பைஸ் மலைக் கூத்தெல்லாம் அந்த மலையோடு இருக்கட்டும். வயல் வரப்பில் ஏறவே கூடாது. அது ஒருவருடைய சொத்து.

சீமைக் கருவேல முள் டயரைத் துளைப்பதில் நிகரற்றது. பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் இல்லாமல் போனால், சவாரி பாதயாத்திரையாக முடியும். மணற்பாங்கான இடத்தில் காற்றைச் சிறிது குறைத்துக்கொண்டால் டயர் புதையாது.

தலைக்கவசம் அவசியம். பெங்களூர்ச் சாலையையும் ஒரகடம் சாலையையும் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். இதில் மானம் போவது ஒன்றுமில்லை.

எதிரில் வருகிறவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். வழி கேட்பதற்குக் கைப்பேசியை விட மாடு மேய்ப்பவர் மேல்.

பெண் குழந்தைகளை வீட்டில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கத்தின்போது, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இன்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் சைக்கிள் கொடுக்கிறார்கள். அது பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் போதுமா?

அன்று திரும்பி வரும்போது, பெரிய சாலையைக் கடப்பதற்காக நாங்கள் வெகு நேரம் காத்து நிற்க நேர்ந்தது. கார் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகம் நோக்கிப் போயின. என் பெண் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, அந்தத் தாத்தாவின் பேரன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறானாம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போவோமா?" என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு போனோம். பையனுக்கு அந்தப் பெரியவரே மதகைத் திறந்து மூடிக் காட்டினார். சைக்கிள் விடுவதை விட அது அவனுக்கு அதிகமாகப் பிடித்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.